நாற்பதிலிருந்து எழுபது வரை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. கம்மாபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் அக்கா மகளுக்கு வண்டி பழக்கிக்கொண்டிருந்தேன். எல்.எல்.ஆர். வாங்கி மூன்று வாரம் ஆகிறது. முன்னாலும் பின்னாலும் சிவப்பு 'எல்' ஒட்டிய எங்கள் வீட்டு வெள்ளை மாருதி 800. இரண்டு பக்கமும் வயலில் பனி இன்னும் கலையவில்லை. மூன்றாவது கியரில் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"மாமா, இந்த வண்டி ஜீரோ டூ ஹண்ட்ரட் எத்தனை செகண்டு?"

அவள் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கார் என்றால் முதலில் தெரியவேண்டிய எண் அதுதான். செல்போனில் பார்க்கும் ஒவ்வொரு கார் வீடியோவிலும் அந்த எண் பெரிதாக வருகிறது. நான் சொன்னேன், "இருபது செகண்டு பக்கத்துல ஆகும்மா." அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும், இருபத்து சொச்சம் வருடமாக எங்கள் குடும்பத்தைச் சுமந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டியதை நான் சொல்லவில்லை என்று தோன்றியது. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பழைய சின்ன கார் வைத்திருப்பவர்கள், வைத்திருந்தவர்கள், அப்பாவின் வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

பிக்கப் என்ற சொல்

நம் பக்கம் யாரும் 'ஆக்சிலரேஷன்' என்று சொல்வதில்லை. பிக்கப் என்போம். "வண்டி பிக்கப் எப்படி?" "இழுவை இருக்கா?" பழைய வண்டி வாங்கப் போகும் எவரும் மைலேஜுக்கு அடுத்து கேட்கும் கேள்வி இது. இந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. நின்ற இடத்திலிருந்து வண்டி எவ்வளவு விரைவாகக் கிளம்பி வேகம் பிடிக்கிறது என்பது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது மிதித்தால் எவ்வளவு விரைவாக வேகம் ஏறுகிறது என்பது இன்னொன்று. என் அக்கா மகள் கேட்டது முதலாவதை. நம் சாலையில் உயிரைக் காப்பது இரண்டாவது.

இந்த எண் எங்கிருந்து வந்தது

காரை ஓட்டிப் பார்த்து, அளந்து, எண்களோடு எழுதும் வழக்கத்துக்கு ஏறக்குறைய நூறு வயது. இங்கிலாந்தின் 'தி ஆட்டோகார்' 1895-ல் தொடங்கிய இதழ். முறையான ரோடு டெஸ்ட் என்ற பகுதியை அது 1928-ல் ஆரம்பித்தது. முதலில் சோதித்த வண்டி ஆஸ்டின் செவன் என்ற மிகச் சின்ன காரின் ஒரு வகை. அதாவது ரோடு டெஸ்ட் என்பதே ஒரு சின்ன காரில் தொடங்கிய வேலை.

நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகம் என்ற அளவைப் பரப்பியவர் அமெரிக்கர் டாம் மெக்காஹில். 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் 1946-லிருந்து கார்களைப் பற்றி எழுதியவர். மணிக்கு 60 மைல் என்பது 96.6 கிலோமீட்டர். கிலோமீட்டர் கணக்குக்கு வந்த நாடுகள் அதைப் பக்கத்து முழு எண்ணான 100-க்கு நகர்த்திக்கொண்டன. நாம் இன்று வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கும் 'ஜீரோ டூ ஹண்ட்ரட்' அமெரிக்க நெடுஞ்சாலைக்கு ஏற்ற ஒரு எண்ணின் கிலோமீட்டர் வடிவம். கம்மாபுரம் சாலையை நினைத்து யாரும் அதை வகுக்கவில்லை.

அதை அளந்தவர்கள் பட்ட பாடு சாதாரணமில்லை. காரின் ஸ்பீடாமீட்டரை அவர்கள் நம்பவில்லை. பின் பம்பரில் சைக்கிள் சக்கரம் போல ஒன்றைப் பொருத்துவார்கள். ஐந்தாவது சக்கரம் என்று அதற்குப் பெயர். காரின் உண்மையான வேகத்தை அதுதான் சொல்லும். ஓட்டுபவர் ஒருவர், நேரம் குறிப்பவர் ஒருவர். ஒரே சாலையில் போகும் திசையில் ஒரு முறை, வரும் திசையில் ஒரு முறை ஓட்டி, இரண்டின் சராசரியை எடுப்பார்கள். காற்றும் கண்ணுக்குத் தெரியாத சாய்மானமும் ஒரு பக்கம் உதவினால் மறுபக்கம் கெடுக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. இப்போது அந்தச் சக்கரத்தின் வேலையைச் செயற்கைக்கோள் வழி அளக்கும் சின்னப் பெட்டி செய்கிறது.

ஸ்பீடாமீட்டரை நம்பாததற்குக் காரணம் உண்டு. ஐ.நா. வாகன விதிகளில் ஒன்று, காரின் ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம். உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் 4 கிலோமீட்டர் வரை. உண்மையில் 100-ல் போகும் கார் முள்ளில் 114 வரை காட்டினாலும் விதிப்படி சரி. ஸ்பீடாமீட்டரைச் செல்போனில் படம் பிடித்து "என் வண்டி இத்தனை விநாடி" என்று சொல்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முள் 100-ஐத் தொடும்போது வண்டி இன்னும் 100-ஐத் தொட்டிருக்காது.

அந்தக் கால எண்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1959-ல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த ஆஸ்டின், மாரிஸ் மினி. 848 சி.சி. என்ஜின். 60 மைலைத் தொட அது எடுத்துக்கொண்டது 27 விநாடி அளவில். அந்தக் காரைத்தான் மக்கள் துறுதுறுவென்று இருக்கிறது என்று கொண்டாடினார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் அந்தக் கொண்டாட்டம் புரியாது. குறைந்த எடை, சின்ன உடல், ஓட்டுபவர் நினைத்த இடத்தில் திரும்பும் முன்சக்கரங்கள், இவையெல்லாம் சேர்ந்த அனுபவம் அது.

நம் வீதிக்கு வந்தவை

நம் ஊரில் அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை கார் என்றால் மூன்றே மூன்று. உத்தரபாராவில் தயாரான அம்பாசிடர், பம்பாயிலிருந்து வந்த ஃபியட், பிறகு அதற்கே பிரீமியர் பத்மினி என்று பெயர். மூன்றாவது நம்முடையது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961-லிருந்து செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 948 சி.சி. பத்மினியின் 1,089 சி.சி. என்ஜினுக்கு 40 குதிரைத்திறன் அளவில் சக்தி, 900 கிலோவை ஒட்டிய எடை. அம்பாசிடர் ஒரு டன்னுக்கும் மேல்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவரிடம் பத்மினி டாக்சி இருந்தது. கத்திரி வெயிலில் விருத்தாசலம் போய்த் திரும்பும்போது பாதி வழியில் நிறுத்தி, பானட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடுவார். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொண்டால் இழுவை போய்விடும். துணி காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும். "வண்டிக்கும் தாகம் எடுக்கும் தம்பி" என்பார். பிக்கப் என்பது என்ஜினின் அளவில் மட்டும் இல்லை, வெயிலிலும் இருக்கிறது என்று நான் முதலில் தெரிந்துகொண்டது அவரிடம்தான்.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800-ன் முதல் சாவி கொடுக்கப்பட்டது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. பத்மினியைவிடச் சின்ன என்ஜின். சக்தியும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் "பறக்குது" என்றார்கள். எப்படி?

விடை எடையில் இருக்கிறது. 650 கிலோ. பத்மினியைவிடக் கால் டன் குறைவு. நாலு மூட்டை நெல்லை இறக்கி வைத்துவிட்டு ஓடுவது போல.

ஒரு சின்னக் கணக்கு

எங்கள் வண்டி 2001 மாடல். கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்த பிறகு தயாரானது. நாலு கியர், 37 குதிரைத்திறன். அப்பா 2003-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தோம்.

வண்டி 650 கிலோ, ரோடு டெஸ்ட் முறைப்படி உள்ளே இரண்டு பேர் 130 கிலோ. மொத்தம் 780. இந்த எடையை 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 300 கிலோஜூல். 37 குதிரைத்திறன் என்றால் விநாடிக்கு 27.6 கிலோஜூல். வகுத்துப் பார்த்தால் 11 விநாடி வருகிறது. ஆனால் நிஜத்தில் இருபதை ஒட்டி ஆகிறது. மீதி எங்கே போனது?

37 குதிரைகளும் எப்போதும் இழுப்பதில்லை. என்ஜின் 5,000 சுற்றை ஒட்டிச் சுழலும்போதுதான் முழுச் சக்தி கிடைக்கும். அதற்குக் கீழே பாதி, முக்கால் என்றுதான் வரும். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் மிதித்திருக்கும் நேரம் முழுக்க வண்டி சும்மா உருள்கிறது. கியர்பெட்டி ஒரு பங்கைத் தின்கிறது. டயர் ஒரு பங்கு. எழுபதுக்கு மேல் போனால் காற்று எதிரே சுவராக நிற்க ஆரம்பிக்கிறது.

இதிலேயே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும். 60-ஐத் தொட வேண்டிய ஆற்றல், 100-ஐத் தொட வேண்டியதில் 36 சதவீதம்தான். மீதி 64 சதவீதம் 60-லிருந்து 100 போவதற்கே செலவாகிறது. கம்மாபுரம் கடைவீதியிலிருந்து சிதம்பரம் கீழவீதி வரை போய்த் திரும்பும் ஒருவர் 100-ஐத் தொடும் இடம் எது? ஓர் இடமும் இல்லை. நாம் வாழ்வது அந்த முதல் 36 சதவீதத்துக்குள். அந்த எல்லைக்குள் 800 யாருக்கும் குறைந்த வண்டி இல்லை.

எடை சொல்லும் பாடம்

எடை குறைந்தால் சின்ன என்ஜினும் பறக்கும் என்பதை வேறொரு வழியில் நிரூபித்தவர் கோயம்புத்தூர்க்காரர் எஸ்.கரிவர்தன். எண்பதுகளின் இறுதியில், இதே மாருதி 800-ன் என்ஜினை எடுத்து, குழாய்களால் செய்த எடை குறைந்த ஒற்றை இருக்கைச் சட்டத்தில் வைத்தார். ஃபார்முலா மாருதி பிறந்தது. காய்கறி வாங்கப் போன என்ஜின் பந்தயத்தில் ஓடியது. வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி செய்யப் பணமில்லாத நம் பிள்ளைகளுக்குப் பந்தயத்தின் கதவைத் திறந்தது அந்த என்ஜின்தான். நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையின் தொடக்கத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதி. அவர்தான் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். கரிவர்தன் 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அந்தத் தடத்துக்கெல்லாம் முன்னால் பந்தயத்துக்குச் சோழவரம் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளம். மெட்ராஸ்காரர்கள் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து, தேய்த்து, எடை குறைத்து அங்கே ஓட்டினார்கள். பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. எட்டு வருடம் கழித்து அதே இருங்காட்டுக்கோட்டையிலிருந்துதான் ஹூண்டாய் சான்ட்ரோவும் வெளியே வந்தது.

தொண்ணூறுகளின் சின்ன கார்கள்

1993-ல் மாருதி ஜென். 993 சி.சி., முழுக்க அலுமினிய என்ஜின், 50 குதிரைத்திறன், ஐந்து கியர். நெய்வேலியில் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா ஒன்று வாங்கினார். சுரங்கத்துக்குப் போகும் நேரான சாலையில் அவர் இரண்டாவது கியரில் மிதித்தபோது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அம்பாசிடரில் மட்டுமே உட்கார்ந்து பழகிய உடம்பு அது.

1998 பெரிய வருடம். சான்ட்ரோ நான்கு சிலிண்டரோடும் 55 குதிரைத்திறனோடும் வந்தது. டேவூ மட்டீஸ், 800-ன் அதே 796 சி.சி. அளவில் 52 குதிரைத்திறனை எடுத்துக் காட்டியது. வருடக் கடைசியில் டாடா இண்டிகா வந்தது. டீசல் இண்டிகாவுக்கும் ஐம்பத்து சொச்சம் குதிரைத்திறன்தான், ஆனால் எடை ஒரு டன்னை நெருங்கியது. காகிதத்தில் சான்ட்ரோவும் இண்டிகாவும் ஒரே சக்தி. சாலையில் சான்ட்ரோ முந்தி ஓடும். பத்து மூட்டையோடு கிராமத்து மேட்டில் ஏறும்போது இண்டிகா முனகாமல் ஏறும். பிக்கப் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை முகம் பாருங்கள்.

நம் நாட்டு மோட்டார் இதழ்கள் வளர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். ஓவர்டிரைவ் 1998-லும், ஆட்டோகார் இந்தியா 1999-லும் வந்தன. பின்னாளில் தமிழில் மோட்டார் விகடன் வந்தது. விருத்தாசலம் பேருந்து நிலையக் கடையில் தொங்கும் இதழைப் புரட்டி, கடைசியில் இருக்கும் எண் அட்டவணையை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடும் பையன்களில் நானும் ஒருவன். 0–100 வரிசையைத்தான் எல்லாரும் பார்ப்போம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு வரிசை இருக்கும். மூன்றாவது கியரில் 20-லிருந்து 80. நான்காவது கியரில் 40-லிருந்து 100. கியர் மாற்றாமல், மிதியை மட்டும் மிதித்து அளந்த நேரம். அந்த வரிசைகளின் அருமை எனக்கு ஒரு மாலையில்தான் புரிந்தது.

அந்த மாலை

திருமணத்துக்கு அடுத்த வருடம். சிதம்பரம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் அப்பா. பின்னால் அம்மா, மனைவி, அக்கா. மாசி மாதம், கரும்பு வெட்டு நேரம். சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டி வந்ததும் முன்னால் ஒரு பேருந்து. நாற்பதில் போகிறது. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி நாலாவது கியரில். எதிரே சாலை காலியாகத் தெரிந்தது. வலது பக்கம் எடுத்து மிதித்தேன்.

வண்டி முனகியது. ஏறவில்லை. பேருந்தின் பாதி நீளத்துக்கு வந்தபோது எதிரே ஒரு டிப்பர் லாரியின் விளக்கு. அப்பா கத்தவில்லை. "விடு, பின்னால வா" என்று மட்டும் சொன்னார். பிரேக்கைப் பிடித்து மறுபடி பேருந்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். டிப்பர் கடந்து போனது. அந்தக் காற்றில் எங்கள் வண்டி லேசாக ஆடியது. அம்மா கோயில் விபூதிப் பொட்டலத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தது கண்ணாடியில் தெரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அப்பா சொன்னார்: "நாலுல மிதிச்சா இது ஏறாதுப்பா. ஏ.சி.ய நிறுத்து, மூணுக்கு இறக்கு, அப்புறம் பாரு. வழி இருந்தா போ. இல்லன்னா பஸ்சுக்குப் பின்னாலயே போவோம். வீடு எங்க ஓடிடப் போவுது?"

அப்பா சொன்னதின் கணக்கு

பல வருடம் கழித்து அந்த மாலையைத் தாளில் போட்டுப் பார்த்தேன். பேருந்துக்குப் பின்னால் 10 மீட்டர் இடைவெளி, பேருந்து நீளம் 12, நம் கார் மூன்று சொச்சம், முன்னால் போய் ஒதுங்க 12. மொத்தம் 37 மீட்டரை நாம் பேருந்தைவிடக் கூடுதலாகக் கடக்க வேண்டும். பேருந்து 40-ல் போகிறது, நாமும் 40-லிருந்து தொடங்குகிறோம். எதிரே வரும் வண்டி 60-ல் வருகிறது.

மூன்றாவது கியரில், 40-ல் எங்கள் வண்டியின் என்ஜின் 2,500 சுற்றை ஒட்டிச் சுழலும். அதன் இழுவிசை உச்சத்தில் இருக்கும் இடம் அதுவே. அந்தக் கியரில் விநாடிக்கு விநாடி வேகம் ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர் ஏறும். நாலாவது கியரில், ஆட்கள் நிறைந்து ஏ.சி.யும் ஓடினால் அதில் பாதி ஏறினாலே அதிகம்.

மூன்றாவது கியரில் கடக்க ஆகும் நேரம் எட்டரை விநாடி. அதற்குள் நாம் 133 மீட்டர் ஓடியிருப்போம், எதிரே வரும் வண்டி 143 மீட்டர் வந்திருக்கும். தேவைப்படும் காலிச்சாலை 276 மீட்டர். நம் வேகம் 70-ஐ ஒட்டி நிற்கும். நாலாவது கியரில் பன்னிரண்டு விநாடிக்கு மேல். நாம் 172 மீட்டர், எதிரே வருபவர் 203 மீட்டர். தேவை 375 மீட்டர்.

ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே ஓட்டுநர். ஒரு கியரின் வித்தியாசம் நூறு மீட்டர். அந்த நூறு மீட்டருக்குள்தான் அன்று அந்த டிப்பர் வந்தது.

ரோடு டெஸ்ட் எண்ணில் சொல்லப்படாத இன்னொன்றும் இருக்கிறது. சோதனையில் இரண்டு பேர். அன்று நாங்கள் ஐந்து பேர், டிக்கியில் பை, தேங்காய்ப்பழம், தண்ணீர்க் குடம். 780 கிலோ ஆயிரத்தைத் தொட்டிருக்கும். பெரிய காரில் மூன்று பேர் கூடுதலாக ஏறினால் அது உணராது. 650 கிலோ வண்டிக்கு ஐந்து பேர் என்பது அதன் எடையில் ஏறக்குறைய பாதி. இழுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. ஏ.சி. கம்ப்ரஸர் மூன்று நான்கு குதிரைத்திறனைக் கேட்கும். நூறு குதிரை இருக்கும் வண்டிக்கு அது கையிருப்பில் ஒரு சில்லறை. 37-ல் பத்தில் ஒன்று. இதழ்களின் அட்டவணையைப் படிக்கும்போது இந்தக் கழித்தலை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

பழைய வண்டியின் பிக்கப் ஏன் குறைகிறது

"முன்ன மாதிரி இழுக்கல" என்று பழைய வண்டியை விற்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. விருத்தாசலத்தில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் என்ஜினைத் தொடவே இல்லை. முதலில் வண்டியைச் சமதரையில் நியூட்ரலில் நிறுத்தி ஒரு கையால் தள்ளினார். நகர மறுத்தது. பின் சக்கரத்தில் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக பிரேக் பிடித்தபடியே ஓட்டினோமோ தெரியாது.

பிறகு வரிசையாகப் பார்த்தார். டயரில் காற்று குறைவு. ஏர் ஃபில்டரைத் தட்டினால் செம்மண் கொட்டியது. ஸ்பார்க் பிளக் முனை தேய்ந்திருந்தது. நாலாவது கியரில் ஏற்றத்தில் மிதிக்கச் சொன்னார். என்ஜின் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்றார். கடைசியாகத்தான் சிலிண்டர் கம்ப்ரஷன் பார்த்தார். அது மூன்றிலும் நன்றாக இருந்தது. "என்ஜின் குத்தமே இல்ல தம்பி. அதக் கட்டிப்போட்டு ஓடச் சொல்லியிருக்கீங்க" என்றார்.

அழகுக்காகப் பெரிய டயர் மாட்டுபவர்களும் கவனியுங்கள். சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு கியரும் கொஞ்சம் உயர்ந்தது போல ஆகும், இழுவை குறையும். ஸ்பீடாமீட்டரும் உண்மையைவிடக் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். சின்ன என்ஜினுக்கு அது இரட்டை நஷ்டம்.

உங்கள் எண்ணை நீங்களே அளக்கலாம்

உங்களிடம் பழைய சின்ன கார் இருந்தால், 0–100-ஐ விட்டுவிடுங்கள். நம் சாலையில் அதை முயல்வது தப்பு. 40-லிருந்து 70 போக எத்தனை விநாடி என்று தெரிந்துகொள்ளுங்கள். விடியற்காலையில், ஆளில்லாத, வளைவில்லாத, சந்து சேராத சாலை வேண்டும். பக்கத்தில் ஒருவர் நேரம் பார்க்கட்டும். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும். மூன்றாவது கியரில் ஒரு முறை, நாலாவதில் ஒரு முறை. திரும்பி வரும்போதும் அப்படியே. இரண்டு திசைக்கும் சராசரி. பிறகு வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு முறை, ஏ.சி. போட்டு ஒரு முறை. ரோடு டெஸ்ட் செய்தவர்களின் முறை இதேதான், ஐந்தாவது சக்கரம் மட்டும் இல்லை.

அந்த எண்கள் கையில் வந்தபிறகு உங்கள் ஓட்டமே மாறும். பேருந்துக்குப் பின்னால் நிற்கும்போது எதிரே தெரியும் புளியமரம் எத்தனை மீட்டர், அதற்குள் முடியுமா என்று மனம் தானாகக் கேட்கும். அப்பாவுக்கு எண் தெரியாது. இருபது வருடம் ஓட்டி ஓட்டி உடம்பிலேயே அதை வைத்திருந்தார். நாம் ஒரு காலையில் அளந்துவிடலாம்.

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அதே வருடம் மே மாதம் உத்தரபாராவில் அம்பாசிடரும் நின்றது. இன்றைய சாதாரண சின்ன காருக்கே 800-ஐப் போல இரண்டு மடங்கு சக்தி இருக்கிறது. அது நல்லதுதான். 276 மீட்டர் கேட்ட இடத்தில் அது இன்னும் குறைவாகக் கேட்கும். அக்கா மகள் நாளைக்கு அப்படி ஒரு காரைத்தான் ஓட்டப்போகிறாள். அதனால்தான் அவள் முதலில் இந்த வண்டியில் பழக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். இது எதையும் மறைக்காது. தப்பான கியரில் மிதித்தால் உடனே முனகிச் சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். அவள் கேட்ட கேள்விக்குப் பிறகு கொஞ்ச தூரத்தில், முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் வந்தது. அவள் நாலாவது கியரில் இருந்தாள். ஹாரன் அடித்தாள், டிராக்டர்காரர் ஓரமாக ஒதுங்கிக் கையைக் காட்டினார், போகலாம் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கிளட்சை மிதித்து மூன்றுக்கு இறக்கினாள். ஏ.சி. சுவிட்சை அணைத்தாள். வலது பக்கம் லேசாக எடுத்து எட்டிப் பார்த்தாள். தூரத்தில் ஒரு பைக், அதற்குப் பின்னால் ஒரு வளைவு.

மறுபடி இடது பக்கம் வந்து, டிராக்டருக்குப் பின்னால் இரண்டாவது கியரில் மெதுவாகப் போனாள். கரும்புத் தோகை ஒன்று பறந்து வந்து கண்ணாடியில் விழுந்தது.

"பைக் போவட்டும் மாமா" என்றாள். "வளைவு தாண்டினா நேரா இருக்கும்ல?"

"இருக்கும்மா. போகலாம்" என்றேன்.